முகம் மூடிய ஐந்து பேர்

ஃபீனா மிஸ் பழைய படங்களை வைத்துப் பாடம் நடத்தும் நாளில் மேசைமேல் ஒரு கிண்ணம் மஞ்சள் பட்டாணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உப்பு மாட்டிறைச்சியோடு துணியில் முடிந்து வேகவைப்போமே, அதே உடைத்த பட்டாணிதான். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று, படத்தில் இருக்கும் ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு பட்டாணி வைக்க வேண்டும். எல்லா முகமும் மறைந்த பிறகுதான் வாய் திறக்கலாம்.

"முகத்தப் பாத்தா வேற ஒண்ணையும் பாக்க மாட்டீங்க. யாரு அழகு, யாருக்கு மூக்கு பெருசுன்னு அங்கயே நின்னுடுவீங்க. கையப் பாருங்க. காலப் பாருங்க. துணி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க" என்பார்.

பரண் கட்டி மீன் காயப்போடும் பெண்கள் படம் ஒன்று உண்டு. மூன்றாவது பெண்ணின் ஏப்ரன் மட்டும் சுத்தமாக இருக்கிறது, ஏன் என்று கேட்டார்.

"சோம்பேறி மிஸ்" என்றான் ட்ராய்.

"உங்க தாத்தாவோட அத்தைடா அது."

"அப்ப சோம்பேறிதான் மிஸ். அப்பா சொல்லியிருக்காரு."

வகுப்பு சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, வியாபாரி வீட்டில் வேலைக்கு இருந்த பெண்ணுக்கு மீன் வேலை கிடையாது என்பதில் தொடங்கி, ஊரில் யாருக்கு யார் கடன்பட்டுக் கிடந்தார்கள் என்பதுவரை அந்த ஒரு ஏப்ரனிலிருந்தே எடுத்துச் சொல்லிவிட்டார். நான் பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கிளெமென்ட்ஸ் கோவுக்குச் சாலை கிடையாது. நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தெற்குக் கரையில், பாறை விட்டுவைத்த இடத்தில் வீடுகள். எங்கே போவதானாலும் படகு. பள்ளிக்கூடத்தில் இரண்டு அறை, ஏழு பிள்ளைகள். பெரியவர்கள் நாலு பேர் அவரிடம், மற்ற மூன்று பேர் என்னிடம். நானும் அவரிடம் படித்தவன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் சான்றிதழை அம்மா அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்து முடித்தால்தான் டீ வரும். எனக்கும் உள்ளூர அதில் பெருமைதான்.

மிஸ்ஸின் முழுப் பெயர் ட்ரைஃபீனா கீப்பிங். அறுபதைத் தாண்டியும் வேலையில் இருந்தார், இந்த ஊருக்கு வரச் சம்மதிக்கும் வேறு ஆள் கிடைக்காததால். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குப் பின்னால் கதை ஒன்றும் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் கேட்பார். எல்லா வீட்டுப் படமும் அந்த மாதிரி டப்பாவில்தான் இருக்கும். அவர் வாசலில் தெரிந்தாலே கெட்டிலை அடுப்பில் வைப்பதற்கு முன் டப்பாவை இழுத்து வெளியே வைத்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்துச் சேர்த்து, ஊரில் எவருடைய அப்பா முகமும் அவருக்குத் தெரியும். அவருடைய சொந்த அப்பா முகம் மட்டும் தெரியாது.

அவர் அப்பா ஆம்ப்ரோஸ் கீப்பிங் ஒரு பிப்ரவரி மாதம் டோரிப் படகில் போனவர், பனிப்புயலுக்குப் பிறகு டோரி மட்டும் கிடைத்தது. மிஸ் அந்த மே மாதம் பிறந்தார். அப்போது ஊரில் யாரிடமும் கேமரா கிடையாது; வெளியாள் யாராவது வந்து எடுத்தால்தான் உண்டு. கல்யாணம்கூடப் படம் எடுக்காத கல்யாணம். "எப்படிம்மா இருப்பாரு?" என்று கேட்டால், "நல்லா இருப்பாரு" என்பாராம் அம்மா. அதற்கு மேல் அந்தம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் விவரமாகச் சொல்லியிருந்தார். வடக்கே லாப்ரடாரிலிருந்து வந்த கடல்நாய்த் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி ஆம்ப்ரோஸிடம் இருந்தது. ஊரிலேயே அது ஒன்றுதான். மற்றவர்களுக்கெல்லாம் கருப்பு ரப்பர் பூட்ஸ். கடைசி நாள் கடலுக்கும் அவர் ரப்பரைத்தான் மாட்டிக்கொண்டு போனார். தோல் பூட்ஸ் வீட்டில் கிடந்தது. மிஸ் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாய் அதைக் கடித்துக் குதறும்வரை தினமும் பார்த்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே கட்டுகிற வாரும், கால்விரல் பக்கம் சுருக்கி அடித்த தையலும் அவருக்கு மனப்பாடம்.

படம் என் மூலமாகத்தான் வந்தது. தலைநகர் செயின்ட் ஜான்ஸில் கடைசி வருடம் படிக்கும்போது ஓர் ஆவணக் காப்பகத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் கரையோர ஊர்களுக்குப் படகில் வந்துபோன நர்ஸ் ஒருவருடைய படப் பெட்டியை அவர் குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் ஒரு படத்தின் பின்னால் பென்சிலில் எங்கள் ஊர்ப் பெயர், "கிறிஸ்துமஸ் 1950".

பனியில், மீன் கிடங்கின் கதவுக்கு முன்னால் ஐந்து மம்மர்கள், கிறிஸ்துமஸ் வேஷக்காரர்கள். ஒருவன் எண்ணெய்த்துணிக் கோட்டுக்கு மேல் பெண்களின் இரவு உடை மாட்டியிருக்கிறான். ஒருவன் கோட்டை முன்பின்னாகப் போட்டிருக்கிறான். ஒருவனுக்கு மார்பில் தலையணை, ஒருவன் பெண்கள் தொப்பி வைத்திருக்கிறான். வலது ஓரத்தில் நிற்பவனுக்கு முதுகில் பெரிய கூன். ஐந்து பேர் முகத்திலும் ஜன்னல் திரைத் துணியோ தலையணை உறையோ தொங்குகிறது.

கிறிஸ்துமஸுக்குப் பிறகான பன்னிரண்டு நாளும் இன்றைக்கும் இப்படித்தான் வீடு வீடாகப் போவோம். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் உடுத்தி, குரல் பிடிபடாமல் இருக்க மூச்சை உள்ளே இழுத்தபடியே பேசி, "மம்மர்ஸ் உள்ள வரலாமா?" என்று கதவைத் தட்டுவோம். வீட்டுக்காரர் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் திரையைத் தூக்க வேண்டும். அப்புறம்தான் பழக் கேக்கும், குடிக்க இனிப்புச் சிரப்பும். சொல்லவில்லையென்றால் வந்தபடியே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

படத்தை மிஸ்ஸுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அன்று சாயங்காலமே ஃபோன்.

"கார்லண்ட், இதுல அஞ்சு பேரு இருக்காங்க."

"ஆமா மிஸ்."

"அந்த வருஷம் பசங்க எல்லாரும் மரம் வெட்டப் போயிட்டாங்க. ஊர்ல இருந்து மம்மரா போனது அஞ்சே பேரு. அம்மா பேரு பேரா சொல்லியிருக்கா. எங்கப்பாவும் ஒருத்தரு."

அங்கே மழை எப்படி என்று கேட்டேன். இங்கே மழை இல்லை என்றார்.

மற்ற நாலு பேரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். மிச்சம் கீ மாமா. ஹெசக்கையா என்ற பெயரை ஊர் அப்படிச் சுருக்கியது. அவருக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. மகள் ரோவீனா வீட்டில், வெளியே எங்கும் போகாமல், ஜன்னலோரம் உட்கார்ந்து படகுத்துறையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த செப்டம்பரில் நான் வேலைக்கு வந்து சேர்ந்தேன். அக்டோபரில் மிஸ் படத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அன்று என் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நானும் போய் நின்றேன்.

"மிஸ், இதுக்குப் பட்டாணி வைக்கிற வேலையே இல்ல" என்றான் ட்ராய்.

"அதுக்குத்தான் கொண்டாந்தேன். இதுல ஒருத்தரு எங்கப்பா. கண்டுபிடிங்க."

எப்போதும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர் அவர். அன்றைக்கு அவரிடம் பதில் இல்லை என்பது பிள்ளைகளுக்கும் புரிந்திருக்க வேண்டும். பூதக்கண்ணாடி கைமாறிக்கொண்டே போனது. பதினோரு வயது ஷானியாதான் கடைசியில் விரலை வைத்தாள்.

"மிஸ், இவரு பூட்ஸ் மட்டும் வேற மாதிரி இருக்கு. சுருக்கிச் சுருக்கித் தச்சிருக்கு."

இடமிருந்து இரண்டாவது ஆள். இரவு உடை மாட்டியவன். மிஸ் குனிந்து பார்த்தார்.

"அதேதான். வார் கட்டியிருக்கு பாரு. அதேதான்."

நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். வகுப்புச் சுவரில் படத்தை ஒட்டி, கீழே ஷானியா தன் நல்ல கையெழுத்தில் எழுதினாள்: இடமிருந்து இரண்டாவது, ஆம்ப்ரோஸ் கீப்பிங்.

அந்த ஒரு உருவத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னார். நகரத்துக்குப் போய்ச் செய்து வந்தேன். வீட்டு முன்னறையில், அவர் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டினார். முகத்தில் தலையணை உறை, உடம்பில் இரவு உடை, காலில் கடல்நாய்த் தோல். ஊரே வந்து பார்த்தது.

"தோள் உன் தோளேதான், ஃபீனா."

"அந்த நிக்கிற நிலையப் பாரு. சர்ச்சுல நீ அப்படித்தான் நிப்ப."

எங்கள் அம்மா எல்லாருக்கும் மேலே போய், மூக்கும் அப்படியே இருக்கிறது என்றாள். துணிக்குப் பின்னால் இருந்த மூக்கு. நானும் தலையாட்டினேன்.

மிஸ் தன் நாற்காலியை அந்தப் படத்தைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். பேச்சில் "அப்பா" என்ற சொல் வரத் தொடங்கியது. காற்று அடித்தால், "அப்பா இருந்தா இன்னிக்குக் கடலுக்குப் போயிருக்க மாட்டாரு" என்பார். அதுவரை அந்தச் சொல்லை அவர் பிறருடைய அப்பாக்களுக்குத்தான் பயன்படுத்திக் கேட்டிருக்கிறேன்.

டிசம்பர் பிறந்தது. வகுப்பில் பிள்ளைகள் மம்மர் வேஷம் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். யார் எந்தத் திரையைத் திருடுவது, யார் வீட்டில் பழைய கோட்டு இருக்கிறது என்று. மிஸ் கண்டும் காணாமல் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். சாக்பீஸ் கேட்க வந்த நான் வாசலில் நின்றேன்.

"நீ என் பூட்ஸ போட்டுக்க, நான் உன் பூட்ஸ போட்டுக்கறேன்" என்றாள் ஷானியா, ட்ராயிடம்.

"உன் பூட்ஸ் பிங்க்குடி."

"அதுக்குத்தான்டா. பிங்க்கப் பாத்து எல்லாரும் உன்ன ஷானியாம்பாங்க. சொந்த பூட்ஸ போட்டுட்டு எவனாச்சும் மம்மரா போவானா?"

மிஸ்ஸின் பேனா நின்றது. தலை நிமிரவில்லை. ஷானியாவும் தான் சொன்னதைத் தானே கேட்டிருக்க வேண்டும். சுவரில் தான் எழுதி ஒட்டிய வரியைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். முகம் சிவந்துபோய், "மிஸ், அந்தக் காலத்துல வேற மாதிரி இருந்திருக்கலாம்" என்றாள்.

"இல்லம்மா. அந்தக் காலத்துலயும் இப்படித்தான்" என்றார் மிஸ்.

மடையர்கள்கூடச் செய்யாத தவறு அது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மிஸ் என் அம்மாவின் பூட்ஸையும் அம்மா மிஸ்ஸின் பூட்ஸையும்தான் மாட்டிக்கொண்டு போவார்கள். ஊரில் பூட்ஸ் மாற்றாமல் மம்மராகப் போனவர் கிடையாது. அதுவும் ஊருக்கே ஒன்றாக இருக்கும் பூட்ஸ் வைத்திருப்பவன், அதை மாட்டிக்கொண்டு போனால் முதல் வீட்டு வாசலிலேயே பிடிபடுவான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் தோளையும் மூக்கையும் பார்த்தோம். படத்தில் இருக்கும் ஐந்து பேரில், நிச்சயமாக ஆம்ப்ரோஸ் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தத் தோல் பூட்ஸ்காரன்தான்.

பள்ளி விட்டதும் மிஸ் கீ மாமா வீட்டுக்குக் கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். ரோவீனா கதவைத் திறந்து, "காது மந்தம், சத்தமா பேசுங்க" என்றார்.

கீ மாமா படத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல நீங்க யாரு மாமா?" என்றார் மிஸ்.

"அது தெரிஞ்சா அப்புறம் என்னத்துக்கு மம்மர் வேஷம்?"

"இந்தத் தோல் பூட்ஸ் எங்கப்பாவோடது. அன்னிக்கு யாரு போட்டிருந்தாங்க?"

கீ மாமா தன் பாதங்களைக் குனிந்து பார்த்தார். கம்பளிச் செருப்புக்குள் விரல்களை அசைத்தார்.

"கடிச்சுதே" என்றார். "ஆம்ப்ரோஸ் பூட்ஸ் எனக்குக் கடிச்சுது. அவனுக்குச் சின்னக் கால். சுண்டுவிரல் ரெண்டும் தோல் உரிஞ்சு போச்சு. ஒரு தடவதான் போட்டேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவன் இல்லையே."

"அப்ப இது நீங்க."

"நாந்தான் போலிருக்கு. என் அம்மாவோட நைட்டி வேற."

ரோவீனா முந்திக்கொண்டார். "அப்பா, ரெண்டு மாசமா நீ ஃபீனா வீட்டு முன்னறைல தொங்கிட்டிருக்க."

கீ மாமா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்து டீ குடிச்சிருப்பேனே, மவளே."

மிஸ்ஸும் சிரித்தார். நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு கேட்டார்: "அப்பா உங்க பூட்ஸ போட்டிருப்பாரா?"

"என்னுதுதான் போட்டான்."

"உங்க பூட்ஸ் எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்? ரப்பர் பூட்ஸ். எல்லார் மாதிரியும்."

படத்தில் மிச்சம் நாலு ஜோடி. நாலும் கருப்பு ரப்பர்.

"கூன் போட்டது யாரு? தொப்பி வெச்சது யாரு? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க மாமா."

"தெரியாது மவளே. கெடங்குக்குள்ள இருட்டுல மாத்திக்கிட்டோம். ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியக் கூடாதுன்னு வெளிச்சம் வெக்கல. அப்புறம் வீட்டுக்கு வீடு திரையத் தூக்கினப்ப பாத்தது எதுவும் இப்ப ஞாபகம் இல்ல. இருந்தா உனக்கில்லாம யாருக்குச் சொல்லப்போறேன்?" அவர் மிஸ்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நல்லாத்தான் இருப்பான் உங்கப்பன்."

திரும்பி வரும்போது மரப்பலகைப் பாதையில் பனி இறுகிக் கிடந்தது. மிஸ் வழுக்காமல் பார்த்து நடந்தார். வீட்டு வாசலில், "படத்தக் கழட்டித் தரட்டுமா மிஸ்?" என்று கேட்டேன்.

"கீயக் கழட்டிட்டு அந்த இடத்துல யார மாட்டறது?"

அதற்குப் பிறகும் முயன்றுதான் பார்த்தோம். அந்தக் கிடங்கு இன்னும் நிற்கிறது. கதவை நான் டேப் வைத்து அளந்தேன், படத்தையும் அளந்தேன், நாலு பேர் உயரத்தையும் கணக்குப் போட்டேன். பல்கலைக்கழகத்தில் படித்த கணக்கு வீண்போகாது என்று நினைத்தேன். மம்மர்கள் உயரம் தெரியாமலிருக்க முழங்காலை மடக்கி நிற்பார்கள். நாலு பேரும் மடக்கித்தான் நின்றார்கள். மிஸ் என் காகிதத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லா போட்டிருக்க" என்றார். சின்ன வயதில் தப்பாகப் போட்ட கணக்குக்கும் அதே குரலில்தான் சொல்வார்.

ஷானியா சுவரில் இருந்த வரியைக் கிழித்துவிட்டு, இரண்டாவது ஆளுக்குக் கீழே கீ மாமாவின் பெயரை எழுதினாள். மற்ற நாலு பேருக்குக் கீழே எழுத அவளுக்கும் ஒன்றும் இல்லை.

படத்தில் இருப்பது போலவே உடுத்திக்கொண்டு மிஸ் வீட்டுக்குப் போவது என்பது பெரிய பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. மிஸ் சந்தோஷப்படுவார் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் காரணம் அகப்படவில்லை. ஐந்தாவது ஆளுக்கு வேறு யாரும் சரிப்படாததால் நானே போக வேண்டியதாயிற்று. எனக்கு வலது ஓரத்து ஆள். முதுகில் தலையணையைக் கட்டிக் கூன் வைத்தார்கள். அப்பாவின் பூட்ஸ், எங்கள் குளியலறை ஜன்னலின் திரை.

பன்னிரண்டாம் நாள், விளக்கேற்றும் நேரம். ட்ராய் கட்டையால் கதவைத் தட்டினான். மூச்சை உள்ளிழுத்து, "மம்மர்ஸ் உள்ள வரலாமா?" என்றான்.

கதவைத் திறந்த மிஸ் எங்களைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார். பிறகு, "வாங்க, வாங்க, கதவச் சாத்துங்க, குளிரு" என்றார்.

முன்னறையில் படத்தில் உள்ள வரிசையிலேயே நின்றோம். பிங்க் பூட்ஸ் போட்ட ஆளைச் சுற்றி வந்தார். "ட்ராய். மூக்க உறிஞ்சறத நிறுத்து." திரை தூக்கப்பட்டது. ஷானியாவை அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதிலேயே பிடித்தார். மற்ற இரண்டு பேருக்கும் அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. நாலு முகமும் சிரித்துக்கொண்டு வெளியே வந்தன.

பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

ஊரில் இந்த உயரத்துக்கு, அந்தப் பிள்ளைகளோடு சுற்றுகிற ஆள் வேறு யார்? என் மூச்சு திரையில் ஈரமாகப் படிந்தது. வலைக்கண்களுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. அவர் என் கையைப் பார்க்கவில்லை. காலைப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த எதையும் செய்யவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க மிஸ், ரொம்ப சுலபம்" என்றான் ட்ராய்.

ஷானியா அவன் காலை மிதித்தாள்.

"எனக்குத் தெரியல" என்றார் மிஸ். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கேட்காத மாதிரி, "கொஞ்சம் தூக்கேன்" என்றார்.

பெயரைச் சொல்லாமல் திரையைத் தூக்கச் சொல்லி யாரும் யாரையும் கேட்டதில்லை. தூக்கலாமா கூடாதா என்பதல்ல என் கவலை. வழக்கத்தை மீறினால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? என் கை பாதிவரை போனது. தூக்கினால் அங்கே நான்தான் இருப்பேன்.

கையை இறக்கிவிட்டேன்.

அவர் மேசைக்குப் போய்க் கேக் வெட்டினார். நாலு துண்டு தட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஐந்தாவது துண்டைக் காகிதத்தில் சுற்றி என் கையுறைக்குள் திணித்தார். பெயர் சொல்லப்படாத மம்மருக்கு எதுவும் தரக் கூடாது.

"போற வழியில சாப்பிடு. வழுக்கும், பாத்துப் போ" என்றார்.

நான் மூச்சை உள்ளிழுத்து, யாருடைய குரலும் இல்லாத குரலில், சரி என்றேன்.